சேர்க்காமல், தினமும் போய்வந்து குடியை நிறுத்த முடியுமா?

நிலா அம்மா (திருப்பூர்)

வணக்கங்க. நான்கு நாளாக இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதியே விடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 39 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணத்துக்கு முன்பே குடிப்பார், ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் மட்டும். கொரோனா ஊரடங்கு முடிந்து கம்பெனி திறந்த பிறகு தினமும் என்று ஆகிவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு இரண்டு குவார்ட்டர், சனி ஞாயிறில் மூன்று. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோகிறார். துணியை அடுக்கடுக்காகப் போட்டு மெஷின் கத்தியால் வெட்டுகிற வேலை அவருடையது. போன மாதம் கத்தி விரல் நுனியில் பட்டு நான்கு தையல். அன்றைக்கு ராத்திரி அவரே என்னிடம், "என்னால நிறுத்த முடியல, ஏதாவது பண்ணு" என்று சொல்லி அழுதார். 11 வருடத்தில் அவர் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தச் சூடு ஆறுவதற்குள் மனநல டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டேன். ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, மற்றபடி பெரிய கெடுதல் இன்னும் இல்லை என்றார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஒரு மாதம் சேர்த்துவிடுவது. இன்னொன்று, வீட்டிலிருந்தே திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30-லிருந்து 12.30 வரை போய்வருவது. மாத்திரை, பரிசோதனை, குழுவாக உட்கார்ந்து பேசுவது, தனியாகக் கவுன்சிலிங், சனிக்கிழமை குடும்பத்தாருக்கு ஒரு வகுப்பு. நான்கு வாரம் அப்படி. அப்புறம் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள்.

இவருக்கு இரண்டாவதுதான் வேண்டுமாம். முதலாளியிடம் நான் போய்ப் பேசினேன். நல்ல மனிதர். இரண்டு மணிக்கு மேல் வந்து வேலை பார்க்கட்டும் என்றார். ஒரு மாதம் முழுசாக வேலை போனால் மகளிர் குழுத் தவணையும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவும் என் ஒரு சம்பளத்தில் நிற்காது. அதனால் எனக்கும் அதுதான் தோது.

ஆனால் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு டாஸ்மாக். என் அண்ணன், "குடிக்கிறவனைத் தெருவில் விட்டுக்கொண்டே எப்படி வைத்தியம் பார்ப்பாங்க? உள்ளே போட்டால்தான் திருந்துவான்" என்கிறார். மூன்று மணி நேரம் அங்கே இருந்துவிட்டு மீதி 21 மணி நேரம் எங்களோடு இருக்கப்போகிற மனுஷர். அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்? நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போச்சா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பட்டறைக்காரன் (கோவை)

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 51. கடைசியாகக் குடித்து ஆறு வருடம் நான்கு மாதம் ஆகிறது. மூன்று முறை சிகிச்சை எடுத்தவன். முதல் இரண்டு முறை உள்ளே தங்கி, மூன்றாவது முறை நீங்கள் சொல்கிற மாதிரி போய்வந்து.

முதல் தடவை நானாகப் போகவில்லை. ஜீப்பில் நான்கு பேர் வந்து தூக்கிப்போனார்கள். 45 நாள். வீட்டுக்குப் பேச போன் கேட்டதற்குக் கன்னத்தில் அறை வாங்கினேன். வெளியே விட்ட அன்றைக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்குப் போகும் முன்பே கடைக்குப் போய்விட்டேன். அந்த 45 நாளும் என்னைக் குடிக்க விடாமல் வைத்திருந்தது ஒரு இரும்பு கேட். கேட் என்னோடு வீட்டுக்கு வருமா? இரண்டாவது தடவை நல்ல இடம். அது நோய் என்பதையே அங்கேதான் தெரிந்துகொண்டேன், அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு வாரா வாரம் போய்ப் பார்க்கச் சொன்னதை நான் செய்யவில்லை. மூன்று மாதம் தாங்கியது.

மூன்றாவது தடவை எப்படி இருந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் அண்ணன் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

தினமும் உள்ளே நுழைந்ததும் ஊதச் சொல்வார்கள். நாடித்துடிப்பு, பிரஷர் பார்ப்பார்கள். கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பார்கள். முதல் ஒரு வாரம் நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரையை மொத்தமாகக் கையில் தரமாட்டார்கள். அதுவும் என் மனைவியிடம்தான். அவள் அரிசி டிரம்முக்குள் டப்பாவை வைத்து, வேளைக்கு எடுத்துக் கொடுத்தாள். அந்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும். அந்த ஒரு வாரம் பைக் தொடாதே, லேத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு வேலையே கத்தியோடு. தயவுசெய்து முதல் வாரம் மத்தியான வேலைக்கும் அனுப்பாதீர்கள். நடுக்கமும் மாத்திரையும் சேர்ந்தால் இந்த முறை நான்கு தையலோடு போகாது.

அப்புறம் குழு. பதினோரு பேர். ஒரு ஆட்டோக்காரர், ஒரு பேங்க் ஆபீசர், கஞ்சாவை நிறுத்த வந்த 26 வயதுப் பையன் ஒருவன், எல்லோரும் ஒரே வட்டத்தில் பிளாஸ்டிக் சேரில். முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. இவனோடெல்லாம் உட்கார்ந்து என்ன பேசுவது என்று. மூன்றாம் நாள் அந்த பேங்க் ஆபீசர், பாத்ரூம் ஃபிளஷ் டேங்கில் பாட்டில் ஒளித்துவைத்த கதையைச் சொன்னார். நானும் அதே இடத்தில்தான் ஒளித்திருந்தேன். அதன் பிறகு வாய் திறந்தது.

இரண்டாவது வாரம் ஒரு வேலை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு சார்ட் பேப்பர். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் வழியை வரைந்து, அதில் நாம் குடித்த இடம், வாங்கிய இடம், ஒளித்துவைத்த இடம் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். எனக்கு 14 புள்ளி. ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் 14. அதைப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது. கவுன்சிலர் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு, "இதைத் தாண்டும்போது மணி எவ்வளவு? யார் கூட இருப்பார்கள்? சட்டைப்பையில் பணம் இருக்குமா?" என்று கேட்டார். சிலதைச் சுற்றிப் போக முடிந்தது. டவுன் பஸ்ஸை ஒரு ஸ்டாப் முன்னால் விட்டு இறங்கி, கோயில் பக்கமாக நடந்தால் இரண்டு கடையைத் தவிர்க்கலாம். சிலதைச் சுற்ற முடியாது, பட்டறைக்கு நேர் எதிரேயே ஒன்று. அதற்கு என்ன செய்வது என்று அந்த அறையிலேயே திட்டம் போட்டு, சாயங்காலம் செய்து பார்த்து, மறுநாள் காலை வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். சரியாக வரவில்லை என்றால் திட்டத்தை மாற்றுவோம்.

கேட்டுக்குள் இருந்தபோது எனக்கு இது கிடைக்கவே இல்லை. அங்கே பேசியது எல்லாம் பேச்சாகவே இருந்தது. இங்கே காலையில் பேசியதைச் சாயங்காலம் நிஜமான கடை வாசலில் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டு வழியில் இரண்டு டாஸ்மாக் இருப்பது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைகள் ஒரு மாதம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும்.

கடை 12 மணிக்குத் திறக்கும், நம் வகுப்பு 12.30-க்கு முடியும். அதனால் எங்களை வெறும் வயிற்றோடு வெளியே விடவே மாட்டார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கில் எது வந்தாலும் உடனே கவனி என்று சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றினார்கள். இன்றைக்கும் பட்டறையில் கரண்ட் போய்க் கஸ்டமர் திட்டினால், நான் முதலில் பார்ப்பது சாப்பிட்டேனா என்றுதான். குடிக்க வேண்டும் என்ற வேகம் வந்தால் அது ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு வேலை வேண்டும். எனக்கு ஒரு சொம்பு மோர், ஆட்டோக்காரருக்கு ஒரு போன், பிறகு நடை.

நடுவில் குடித்துவிட்டால் எல்லாம் போச்சா என்று கேட்டீர்களே. 43-ஆம் நாள் நான் குடித்தேன். பெரியப்பா எழவு வீட்டில். ராத்திரி முழுக்க அழுதேன், காலையில் போகவே கூடாது, என்ன முகத்தோடு போவது என்று படுத்திருந்தேன். என் மனைவி திட்டவில்லை. சட்டையை எடுத்து வைத்துவிட்டு, "ஊதினா தெரிஞ்சுடும், தெரியட்டும், வாங்க" என்றாள். தெரிந்தது. டாக்டர் பார்த்தார். அன்றைய குழுவில் கவுன்சிலர் யாரையும் பாடம் நடத்த விடவில்லை. எழவுச் செய்தி வந்த நிமிடத்திலிருந்து முதல் மடக்கு வரைக்கும் ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது: காலையிலிருந்து சாப்பிடவில்லை, தனியாகப் போனேன், சட்டைப்பையில் மாலை வாங்கக் கொடுத்த 2000 ரூபாய். அதன் பிறகு இன்றுவரை எந்த எழவுக்கும் நான் தனியாகப் போனதில்லை.

அதனால் அம்மா, அவர் ஒருவேளை விழுந்தால், அடுத்த நாள் காலை 9.30-க்கு அங்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அந்த ஒரு நாள் போகாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.


மனநல வார்டு நர்ஸ்

நிலா அம்மா, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். பட்டறை அண்ணன் எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. ஆனால் போய்வரும் சிகிச்சை எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தாது. அதை மட்டும் அழுத்திச் சொல்ல வந்தேன்.

தினமும் குடித்து உடம்பு பழகிப்போன ஒருவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி ஆரம்பிக்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள், எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது, உடம்பு கொதிக்கும். இது உயிரை எடுக்கும் நிலை. "சாமிக்கு மாலை போட்டு நிறுத்திட்டாரு சிஸ்டர், மூணாம் நாள் ஏதோ பிடிச்ச மாதிரி பேசறாரு" என்று கொண்டுவருவார்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப்போய் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

ஆகவே டாக்டரிடம் இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, புத்தி தடுமாறியதா? மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி உண்டா? சாகப்போகிறேன் என்று பேசியிருக்கிறாரா? குடியோடு வேறு மாத்திரையும் சேர்த்துப் போடுகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் முதல் ஒரு வாரமாவது வார்டில் படுக்க வைத்து நடுக்கத்தைத் தாண்டிவிட்டு, அப்புறம் போய்வரும் சிகிச்சைக்கு மாற்றுவதுதான் சரி. எதுவும் இல்லை, வீட்டில் ஒரு ஆள் கூடவே இருக்கிறார், தினமும் டாக்டர் பார்க்கிறார் என்றால் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆரம்பிக்கும் தேதி டாக்டர் சொல்வதாக இருக்கட்டும். அதற்கு முன் அவராக வீட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. நடுக்கம் வந்ததும் பக்கத்துக் கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று கேட்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. குடிநோயாளிகளுக்குத் தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் வற்றிப்போயிருக்கும். அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "இவர் தினமும் குடிப்பவர்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

குடிக்கிற ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன. கல்லீரல், சிறுநீரகம் பார்த்து எது என்று டாக்டர் முடிவு செய்வார். நால்ட்ரெக்ஸோன் சாப்பிடுகிறவருக்கு விபத்து, ஆபரேஷன் என்று வந்தால் அதை அங்கே சொல்ல வேண்டும், சில வலி நிவாரணிகள் வேலை செய்யாது. டைசல்ஃபிராம் வேறு வகை. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்துவிடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து இருக்கும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட்டால்தான் அது மருந்து. அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துகொடுத்து, ஐ.சி.யூ.வில் சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'தெரியாமல் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் வருகிற எந்தப் பொடியையும் வாங்காதீர்கள்.

உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். வாரத்துக்கு 9 மணி நேரமாவது வந்துபோகும் இந்த முறையை அமெரிக்காவில் தீவிரப் புறநோயாளி சிகிச்சை என்று ஒரு தனிப் படிநிலையாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் டாக்டர் சொன்னது வாரம் 15 மணி நேரம். நமக்கும் இது புதிதல்ல. சென்னையில் 1980-இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையை ஆரம்பித்த சாந்தி ரங்கநாதன் அம்மா, ஆஸ்பத்திரியோடு நின்றுவிடாமல் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டுக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்தார். ஊர்க்காரர்கள் கூட நின்று, சொந்த மண்ணிலேயே ஒருவர் குணமாக முடியும் என்று காட்டிய வேலை அது.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநல ஓ.பி.யில் இதற்கான மாத்திரையும் கவுன்சிலிங்கும் இலவசம். 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்று 25 போதை மீட்பு மையங்களும் திறந்திருக்கிறார்கள். உங்களுக்கு எது பக்கம் என்று கேட்க 14416, அது டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், அல்லது போதை மீட்புக்கான 14446. இரண்டும் இலவச எண்கள். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் அந்த ஒருவராக வந்து நிற்கிறார். அந்தக் கதவை நீங்கள் திறந்திருக்கிறீர்கள்.


சுந்தரி (ஈரோடு)

தங்கச்சி, எங்கள் வீட்டில் போய்வரும் சிகிச்சை சரிப்படவில்லை. அதையும் நீ கேட்டுக்கொள்வது நல்லது.

நாங்கள் இருந்தது கடை இருக்கிற தெருவிலேயே. என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலையும் இல்லை. காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானத்துக்கு மேல் வெறுமனே திண்ணை. மூன்றாம் நாளே கூட்டாளிகள் வந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் சேர்த்தோம், வெளியே வந்து ஒரு வருடம் வாரா வாரம் கூட்டத்துக்குப் போனார், வீட்டையும் மாற்றினோம். இப்போது ஒன்பது வருடம். உன் வீட்டுக்காரருக்கு மத்தியானம் போக ஒரு வேலை இருக்கிறது, கூப்பிட்டு வைத்துக்கொள்ள ஒரு முதலாளி இருக்கிறார். அது பெரிய பலம். ஆனால் முதல் பத்து நாளில் முடியவில்லை என்று தெரிந்தால், சேர்ப்பதற்கு வெட்கப்படாதே. தோற்றுவிட்டோம் என்று நினைக்காதே.

21 மணி நேரம் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். நான் செய்ததையெல்லாம் சொல்கிறேன், நீ செய்யாதே. அவர் வாசல் தாண்டி உள்ளே வரும்போதே மோந்து பார்ப்பேன். சட்டைப்பை, வண்டி சீட், செருப்பு வைக்கும் இடம் எல்லாம் துழாவுவேன். குடித்துவிட்டுப் படுத்திருந்தால் கம்பெனிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வேன். அவர் வாங்கிய கடனை என் நகையை வைத்து அடைப்பேன். இப்படி 12 வருடம் போலீஸ்காரியாகவும் வக்கீலாகவும் இருந்தேன், பெண்டாட்டியாக இருந்ததே இல்லை. குடும்ப வகுப்பில் இதைச் சொன்னபோது எனக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து பெண்களும் தலையாட்டினார்கள்.

ஊதிப் பார்க்கும் வேலையை ஆஸ்பத்திரி செய்கிறது. அதை அவர்களிடமே விட்டுவிடு. நீ மாத்திரையை வேளைக்குக் கொடு, நேரத்துக்குச் சாப்பாடு போடு, மாமியார் தெரியாமல் கையில் காசு கொடுக்கிறார்களா என்று மட்டும் ஒரு கண் வை. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. "பையன் வாடிப்போயிட்டான்" என்று 200 ரூபாய். சனிக்கிழமை வகுப்புக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்கள், நாம் சொன்னால் மருமகள் பேச்சு.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு என்று அல்-அனான் கூட்டம் இருக்கிறது. குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்கு அவர் போகிறாரோ இல்லையோ, நீ இதற்குப் போகலாம். காசு கிடையாது, பேர்கூடச் சொல்ல வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

கை நீட்டுகிறவரா என்று நீ எழுதவில்லை. அப்படி இருந்தால் சிகிச்சை நடக்கிறது என்பதற்காகப் பொறுத்துக்கொள்ளாதே. பெண்களுக்கான உதவி எண் 181-க்குக் கூப்பிடு, பிள்ளைகளோடு போய் இருக்க ஒரு வீட்டை முன்னாடியே பேசி வைத்துக்கொள்.


நிலா அம்மா

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, கை நீட்ட மாட்டார், அழத்தான் செய்வார். மோந்து பார்ப்பது நானும்தான். படித்ததும் சுருக்கென்றது.

நர்ஸ் அக்கா கேட்டவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். வலிப்பு வந்ததில்லை. 2022-இல் ஒரு தடவை மூன்று நாள் நிறுத்தியபோது நடுக்கம் மட்டும் இருந்தது. டாக்டர் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம், புதன்கிழமை வாருங்கள் என்றார். அண்ணா, ஒரே ஒரு கேள்வி. சனிக்கிழமை சம்பளம். திருப்பூரில் வாரக் கூலி கையில் வாங்கியதும் மொத்தக் கூட்டமும் நேராகக் கடைக்குத்தான் போகும். அதை எப்படித் தாண்டுவது?


பட்டறைக்காரன் (கோவை)

சம்பளத்தைக் கையில் வாங்காமல் இருக்க முடியுமா பாருங்கள் அம்மா. முதலாளி நல்லவர் என்கிறீர்கள், உங்கள் போனுக்கு ஜிபேயில் போடச் சொல்லுங்கள். ஆனால் அதை நீங்கள் போய்க் கேட்காதீர்கள். அவரே முதலாளியிடம் கேட்கட்டும். நாமாகப் பணத்தைப் பிடுங்கினால் அதுவே குடிக்க ஒரு காரணமாகிவிடும். என் மனைவி என்னிடம் கேட்காமல் ஏ.டி.எம். கார்டை எடுத்து வைத்தபோது நான் அப்படித்தான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பிறகு குழுவில் பேசி, நானாகக் கொடுத்தேன். கார்டு அதே பீரோவில்தான் இருந்தது, ஆனால் வித்தியாசம் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும், கடை மூடும் வரைக்கும், ஒவ்வொரு மணிக்கும் என்ன என்று வெள்ளிக்கிழமையே எழுதி வைத்துவிடுங்கள். பிள்ளைகளோடு எங்காவது போவது என்றால் எங்கே, எந்த பஸ் என்பது வரைக்கும். 'பார்த்துக்கலாம்' என்று விட்ட சனிக்கிழமைகள்தான் என்னைக் குடிக்க வைத்தவை.


நிலா அம்மா

இன்று ஞாயிறு. 12-ஆம் நாள்.

முதல் வாரம் வேலைக்கு அனுப்பவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாத்திரையின் அளவை மாற்றினார்கள். ராத்திரி நான் தூங்கவே இல்லை. இப்போது நடுக்கம் ரொம்பக் குறைந்துவிட்டது. டம்ளரை ஒரு கையால் பிடிக்கிறார். எட்டாம் நாளிலிருந்து மத்தியானம் கம்பெனிக்குப் போகிறார். கத்தி வேண்டாம், பீஸ் எண்ணிக் கட்டுகிற வேலை மட்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டார். நேற்றுச் சம்பளத்தை என் போனுக்குப் போடச் சொல்லி அவரே கேட்டிருக்கிறார். காசு வந்த சத்தம் கேட்டபோது நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு வீட்டில் இருந்தார். நால்வரும் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

வழி வரைகிற வேலை இவருக்கும் கொடுத்தார்கள் அண்ணா. சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். 17 புள்ளி. கடைசிப் புள்ளி எங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. "வா" என்று அவரே ஏறினார். தொட்டிக்குப் பின்னால் செங்கல் அடுக்குக்குள் அரைப் பாட்டில் இருந்தது. என் கையில் கொடுக்கப் பார்த்தார், நான் வாங்கவில்லை. அவரே கொட்டினார். அந்த வாடை போக மாடியை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

நர்ஸ் அக்கா, ராத்திரி இரண்டு மணி வரைக்கும் தூக்கம் வராமல் புரள்கிறார். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கலாமா?


மனநல வார்டு நர்ஸ்

வாங்காதீர்கள். குடியை விட்டு அது இன்னொரு பழக்கமாகிவிடும். தூக்கம் ஒழுங்குக்கு வரச் சில வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். சாயங்காலத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மத்தியானம் படுக்க விடாதீர்கள். ராத்திரி தூங்கவில்லை என்றாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுப்பிவிடுங்கள். நாளைக்குக் காலை பிரஷர் பார்க்கும்போதே இதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.